கடுதாசியில் ஓடும் படகு

ஏப்ரல் 15 வந்தால் கிழக்குக் கடலில் மீன்களுக்குக் குடும்ப வாழ்க்கை தொடங்குகிறது. ஜூன் 14 வரை விசைப்படகு தொந்தரவு செய்யக் கூடாது. 61 நாள். நல்ல சட்டம்தான். மீனவனுக்கும் குடும்பம் உண்டென்று கோட்டையில் யாருக்கோ நினைவு வந்து, நிவாரணமும் தருகிறார்கள். முன்பு 5,000 ரூபாய். 2023-இல் 8,000 என்றார்கள். வகுத்துப் பாருங்கள்: நாளொன்றுக்கு 131 ரூபாய். இதை அறிவிக்க மண்டபம் ஊரில் மாநாடு. பந்தல் செலவை 61-ஆல் வகுத்துப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

தடைக்காலம் முடிந்ததும் கடலுக்குப் போக டோக்கன் வாங்க வேண்டும். டீசல், ஐஸ், வலை எல்லாம் கடன். மறுநாள் காலை ராமேஸ்வரம் ஜெட்டிக்கு வாருங்கள். கூடை கூடையாக இறால் இறங்கும். ராத்திரி முழுக்க இழுவைமடி வலை இழுத்த விரல்களில் முள் குத்திய வீக்கம் வடிந்திருக்காது. வியாபாரி இறாலைப் பார்க்க மாட்டார், செல்போனைப் பார்ப்பார். “ஏற்றுமதி டல்லுப்பா” என்பார். அவ்வளவுதான், விலை விழுந்துவிடும். போன வாரம் இந்த விலை இல்லையே என்றால், “கட்டலைன்னா எடுத்துட்டுப் போ.” எங்கே எடுத்துப்போவது? ஐஸ் உருகிக்கொண்டிருக்கிறது. வாங்கிய கடனும் அவரிடம்தான். தன் சரக்குக்கு விலை என்னவென்று வாங்குபவனிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிற தொழில் இது.

இந்த இழுவைமடியை மீனவன் கண்டுபிடிக்கவில்லை. டாலர் ஆசையில் அரசாங்கமே கடனும் மானியமும் கொடுத்துக் கடலில் இறக்கிய வித்தை. அடியைச் சுரண்டு, இறாலை அனுப்பு, அந்நியச் செலாவணி கொண்டுவா என்றார்கள். சுரண்டினான். நம் பக்கத்துத் தரை வழித்துப்போனது. இலங்கை எல்லை தாண்டினான். இப்போது, யார் உன்னை அங்கே போகச் சொன்னது என்று கேட்கிறார்கள்.

2017 ஜூலையில் தீர்வும் கண்டார்கள். இழுவைப்படகை ஒப்படை, ஆழ்கடலுக்குப் போ, சூரை பிடி. பிரதமரே ராமேஸ்வரம் வந்து ஆணை வழங்கினார். மூன்றாண்டில் 2,000 படகு, 1,600 கோடி ரூபாய். படகு ஒன்றுக்கு 80 லட்சம்: டெல்லி 40, மாநிலம் 16, வங்கிக் கடன் 16. மீதி 8 லட்சம் மீனவன் கையிலிருந்து. நாளுக்கு 131 ரூபாய் போதும் என்று தாங்களே மதிப்புப் போட்ட ஆளிடம் 8 லட்சம்! கூலிக்குப் படகேறுபவன் இந்தக் கணக்கிலேயே இல்லை. அந்த மூன்றாண்டு எப்போதோ முடிந்தது. வந்த படகுகள் சொன்ன எண்ணிக்கையின் பக்கத்தில்கூட இல்லை. வந்ததை வைத்துத்தான் என்ன செய்வது? பாக் விரிகுடாவில் சூரைக்கு வேண்டிய ஆழம் கிடையாது. சாயங்காலம் போய்க் காலையில் திரும்பிப் பழகியவனை வாரக்கணக்கில் கடலில் கிட என்கிறார்கள். குமரி மாவட்டத்துத் தூத்தூர்க்காரனுக்கு அது தலைமுறைப் படிப்பு. இவனுக்குப் பயிற்சி முகாமும் சான்றிதழும். சூரை சான்றிதழைப் பார்த்தா வலையில் ஏறும்?

எல்லைக்கு அந்தப் பக்கம், இலங்கையில், வலை கிழிந்து நிற்பவனும் தமிழன்தான். போர்க்காலம் முழுக்கக் கடலை இழந்து கிடந்தவன். மிச்சத்தையும் நம் மடி வாரிக்கொண்டு போகிறது. இலங்கை 2017-இல் இழுவைமடிக்கே சட்டம் போட்டுத் தடை விதித்தது. தொப்புள்கொடி உறவு என்று நரம்பு புடைக்கப் பேசும் நம் தலைவர்கள், நெடுந்தீவுக்காரனின் அறுந்த வலையைப் பற்றி வாய் திறந்து கேட்டிருக்கிறீர்களா? தொப்புள்கொடிக்கு ஓட்டு உண்டு. வலைக்கு இல்லை.

அதற்குப் பதிலாகக் கச்சத்தீவு. 285 ஏக்கர், குடிக்கத் தண்ணீர் கிடையாது, 1974-இல் இலங்கைக்குப் போனது. 2024 தேர்தலுக்கு டெல்லி அதைத் தேடி எடுத்தது. 2025 ஏப்ரலில் சட்டமன்றம் மீட்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. எதிர்க்க ஒரு கை எழவில்லை. செலவில்லாத காரியத்தில் நம்மவர்களுக்கு எப்போதும் ஒற்றுமை உண்டு. நாளைக்கே தீவு திரும்பி வந்தாலும், இவன் தேடும் இறால் கிடப்பது அதற்கும் அப்பால் என்பது ராமேஸ்வரத்துப் பள்ளிக்கூடப் பையனுக்குத் தெரியும்.

எல்லை தாண்டிப் பிடிபட்டால் படகு போச்சு. 2022-இல் இலங்கை அரசு பிடித்து வைத்த படகுகளை ஏலம் போட்டது. ஓட்டியவர் சிறைக்குப் போகிறார், பெரும்பாலும் அவரும் கூலிக்காரர்தான். உடனே முதல்வர் வெளியுறவு அமைச்சருக்குக் கடிதம் எழுதுவார். அமைச்சர் கொழும்பிடம் கவலை தெரிவிப்பார். எந்த ஆட்சி வந்தாலும் வாசகம் ஒன்றே. எண்ணிக்கையையும் தேதியையும் திருத்தினால் போதும். மறுநாள் அது செய்தித்தாளில் வரும். பிடிபட்டவன் வீட்டில் கத்தரித்து எடுத்து வைத்துக்கொள்ளலாம், வட்டிக்காரர் வந்தால் காட்டுவதற்கு.