எழுந்து உட்கார எழுநூறு ரூபாய்

பெங்களூரில் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரக் கற்றுக்கொடுக்க ஒரு வேளைக்கு 700 ரூபாய். பிசியோதெரபிஸ்ட் பெண் வீட்டுக்கே வருகிறாள். 68 வயதில் "அப்பனே முருகா" சொல்லாமல் என்னால் சோபாவை விட்டு எழ முடியவில்லை என்று மகள் செய்த ஏற்பாடு.

கையை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை தடவை எழுகிறேன் என்பது பரீட்சை. என் வயது ஆணுக்கு 12-க்குக் குறைந்தால் காலில் வலு போதாதாம், விழ வாய்ப்பு உண்டாம். நான் 9. ஒவ்வொன்றுக்கும் அவள், "அங்கிள், இன்னொந்து சல" என்பாள். 'இன்னும் ஒரு தடவை' என்று அர்த்தம். கன்னடத்தில் அந்த ஒரு தடவைக்கு முடிவே கிடையாது.

சமையலறை வாசலில் மணைப்பலகை போட்டு, ஊறவைத்த அவரையைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள் என் மனைவி. வேடிக்கை பார்த்தவளையும் கூப்பிட்டார்கள். தரையில் கை ஊன்றாமல் எழுந்து வந்தாள். 15. மூச்சுகூட வாங்கவில்லை. திரும்பப் போய்ச் சப்பணமிட்டு, விட்ட பருப்பிலிருந்து தொடர்ந்தாள்.

யோசித்தால் தப்பு என்னுடையதுதான். டைனிங் டேபிள், வெஸ்டர்ன் டாய்லெட், லிஃப்ட் என்று, குந்தவும் ஏறவும் இருந்த சந்தர்ப்பங்களை எல்லாம் தவணை கட்டி ஒழித்தேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் தோப்புக்கரணத்தை இலவசமாகத்தான் போடவைத்தார்.

நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தார், கால் வலுவுக்கும் தள்ளாடாமல் நிற்பதற்கும் வீட்டிலேயே செய்யும் பயிற்சிகளை முதியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். விழுவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. எனக்கும் அதே வகைதான்: சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்க வேண்டும். மூன்று விசில் வரும்வரை குக்கருக்கு முன்னால் உயர்ந்து உயர்ந்து தாழ்கிறேன். சாம்பார் வேகிறதா என்று எட்டிப் பார்க்கிறேன் என நினைத்து மனைவி நெகிழ்ந்துபோனாள். நான் திருத்தவில்லை.

கோலார் பக்கம் பெல்லூரில் பிறந்த யோகா குரு பி.கே.எஸ். ஐயங்காரும் ஆசனத்துக்கு நாற்காலியைப் பயன்படுத்தியவர்தான், 90 வயதுக்கு மேலும் ஆசனம் போட்டவர் என்றாள் அந்தப் பெண். நாற்காலி மட்டுந்தான் எங்களுக்குப் பொது.

ஆறு வாரத்தில் 13-ஐத் தொட்டேன். அந்தத் தெம்பில் நேற்று நானும் மணைப்பலகையில் உட்கார்ந்து ஒரு கிண்ணம் அவரை பிதுக்கினேன். உட்கார்ந்தது நானாகவேதான். எழுப்ப மனைவி ஒரு கை, எதிர்வீட்டுக்காரர் ஒரு கை. முதல் இழுப்பில் பாதியில் நின்றேன்.

"பரவாகில்ல சார்," என்றார் அவர். "இன்னொந்து சல!"