மன்னருக்கு இல்லை, கடைக்காரருக்கு உண்டு

அரிய நூல்கள் உள்ள நூலகத்துக்குத் தலைவராக முக்கியத் தகுதி, "தர முடியாது" என்பதை மரியாதையாகச் சொல்லத் தெரிவது. ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகம் இதில் கைதேர்ந்தது. 1645-இல் முதலாம் சார்லஸ் மன்னர் ஒரு புத்தகம் இரவல் கேட்டார். உள்நாட்டுப் போரில் அந்த ஊரையே தலைமையிடமாக்கிக்கொண்டிருந்த மன்னர்! விதியைக் காட்டி இல்லையென்றுவிட்டார்கள். பின்னால் மன்னரை வீழ்த்திய கிராம்வெல் கேட்டபோதும் அதே பதில். கட்சி பேதமில்லாத கறார்.

அப்படிப்பட்ட இடத்திலிருந்து, 1623-இல் வெளியான ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதல் பெருந்தொகுப்பு வெளியேறியது. 1660-களில் மூன்றாம் பதிப்பு வந்ததும், பழசு எதற்கு என்று புத்தகக் கடைக்காரருக்கு விற்றுக் கழித்துக்கட்டிவிட்டார்களாம். நிறுவனர் தாமஸ் போட்லிக்கே நாடகப் புத்தகம் என்றால் இளக்காரம்தான். பாவம், ஷேக்ஸ்பியர் எம்மாத்திரம்?

1905-இல் ஒரு மாணவர், வீட்டிலிருந்த பழைய புத்தகத்தின் பைண்டிங்கைச் சரிசெய்ய யோசனை கேட்டு நூலகத்துக்கு வந்தார். பிரித்துப் பார்த்தால், விற்ற அதே பிரதி! அமெரிக்க எண்ணெய்க் கம்பெனிக்காரர் ஹென்றி ஃபோல்ஜர் 3,000 பவுண்டு தருவதாகச் சொன்னார். மன்னரிடம் மசியாத நூலகம், அதே தொகைக்காக ஊரெல்லாம் நன்கொடை கேட்டு அலைந்தது. 1906-இல் எப்படியோ தேற்றி மீட்டார்கள்.

ஃபோல்ஜர் சளைக்கவில்லை. வாஷிங்டனில் அவர் பெயரிலுள்ள நூலகத்தில் அந்த முதல் தொகுப்பு மட்டும் 82 பிரதிகள் இருக்கின்றன. மூன்றாம் பதிப்பும் வாங்கினார்கள். அதற்காக எதையும் எடைக்குப் போடவில்லை.