மிச்சம் பிடித்த அரை மணி

சென்னையிலிருந்து திருச்சிக்குக் காரில் வந்ததில் என் மகள் அரை மணி நேரம் மிச்சம் பிடித்துவிட்டாளாம். போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அந்த அரை மணியைத்தான் வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறேன். பீரோவில் இல்லை, பரணில் இல்லை. வங்கியில் போட்டிருந்தால் பாஸ்புத்தகத்திலாவது ஏறியிருக்கும்.

இந்த ஓட்டத்தைப் பற்றி அவளை உட்காரவைத்து, முகத்துக்கு நேராக ஒரே ஒரு கேள்வி கேட்டேன். அந்தக் கேள்வியைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன் அந்த அரை மணிக் கணக்கை முடித்துவிடலாம். காலமெல்லாம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். பாதிக் கணக்கை போர்டில் விட்டுவிட்டு வகுப்பைவிட்டு வெளியே போகிற வழக்கம் இல்லை.

சென்னைக்கும் திருச்சிக்கும் சுமார் 320 கிலோமீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் 3 மணி 12 நிமிஷம். 120இல் வந்தால் 2 மணி 40 நிமிஷம். வித்தியாசம் 32 நிமிஷம். இதுவரை மகள் சொன்னது சரி. பத்தாம் வகுப்பில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவள், சரியாகத்தான் சொல்வாள். ஆனால் இந்தக் கணக்கில் ஓடுகிற காருக்குப் பரனூர் சுங்கச்சாவடி கிடையாது, திண்டிவனம் கிடையாது, எதிர்ப்பக்கமாக வருகிற டிராக்டர் கிடையாது, யாருக்கும் பாத்ரூம் வராது. அப்படிப்பட்ட ரோடு பாடப்புத்தகத்தில் மட்டும்தான் போட்டிருக்கிறார்கள்.

காலை 7 மணிக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. நான் ஆறரைக்கே குளித்து, இட்லியைக் கட்டி, கேஸை மூடி, மூடியதை இன்னொரு முறை பார்த்து, வாசலில் செருப்போடு நின்றேன். மகள் எழுந்தது 7.40க்கு. எழுந்தவள் போனைப் பார்த்தாள். தலைமுடியை ஏதோ ஒரு மிஷினால் நேராக்கினாள். நேராக்கியது பிடிக்கவில்லை என்று அதே மிஷினால் சுருட்டினாள். வண்டி நகர்ந்தபோது மணி 9.15. படுக்கையில் தொலைத்ததை ரோட்டில் தேடுகிற ரகம்.

இத்தனை பறப்பும் எதற்கு என்று கேளுங்கள். திருச்சியில் ஒரு கல்யாண வரவேற்பு. மாலை 6.30க்கு.

செங்கல்பட்டு தாண்டியதும் விரட்ட ஆரம்பித்தாள். 2019 ஜூலைக்குப் பிறகு வந்த கார்களில் எல்லாம் ஒரு ஏற்பாடு உண்டு: 80ஐத் தாண்டினால் விட்டுவிட்டு ஒரு சத்தம், 120ஐத் தாண்டினால் நிற்காத சத்தம். "என்னடீ கத்துது?" என்றேன். "அது அப்படித்தான்மா கத்தும், கண்டுக்காத" என்றாள். எனக்கு அந்தக் காரின் மேல் சட்டென்று ஒரு பாசம் வந்துவிட்டது. நிற்காத சத்தம் காதைக் குடைகிறது என்பதால் 119இல் வைத்து ஓட்டுகிறாள். சட்டம் போட்டவருக்கும் பயப்படவில்லை, பெற்றவளுக்கும் பயப்படவில்லை, அந்த ஒரு கிலோமீட்டருக்கு மட்டும் அப்படி ஒரு மரியாதை.

அங்கேதான் ஒரு வெள்ளை ஆல்ட்டோவை முந்தினோம். எங்கள் வயதில் ஒருவர் ஓட்டினார், வேகம் 80க்கு மேல் இருக்காது. பக்கத்து சீட்டில் அவர் மனைவி தலையைச் சாய்த்து, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். கடந்து போகிற அந்த ஒரு கணத்தில் அந்தத் திறந்த வாயைப் பார்த்தேன். எந்தப் பட்டுப்புடவையைப் பார்த்தும் எனக்கு அவ்வளவு பொறாமை வந்ததில்லை.

விக்கிரவாண்டிக்குப் பக்கத்தில் காபி. பித்தளை டபராவில் தருகிற கடை. வண்டியை நிறுத்த இடம் தேடி, டோக்கன் வாங்கி, டபராவை வெளிச்சம் பார்த்துத் திருப்பித் திருப்பி வைத்துப் போட்டோ எடுத்து, காபி ஆறி, "ஆறிப்போச்சு" என்று இன்னொன்று வாங்கி, முப்பது நிமிஷம். நான் ரோட்டைப் பார்த்தபடி நின்றேன். வெள்ளை ஆல்ட்டோ எங்களைக் கடந்து போனது. மகளிடம் காட்டினேன். "யாரும்மா அது, தெரிஞ்சவங்களா?" என்றாள்.

கிளம்பிய சற்று நேரத்தில் அந்த ஆல்ட்டோவை மறுபடி முந்தினோம். அம்மாள் இன்னும் தூக்கத்தில். பெரம்பலூருக்கு முன்னால் பெட்ரோல் பங்கில் நின்றோம். பெட்ரோல் போட அஞ்சு நிமிஷம். பக்கத்துக் கடையில் எந்தச் சிப்ஸ் வாங்குவது என்ற ஆலோசனைக்கு மிச்ச நேரம். ஆல்ட்டோ போனது. சமயபுரம் சுங்கச்சாவடியில் எங்களுக்கு அடுத்த வரிசையில் அதே ஆல்ட்டோ. அவருக்குத் தடுப்பு உடனே உயர்ந்தது. எங்களுக்கு முன்னால் நின்ற வேனின் ஃபாஸ்டேகில் பணம் இல்லை. அந்த அம்மாள் அப்போதுதான் கண்விழித்து, புடவை முந்தானையால் வாயோரத்தைத் துடைத்துக்கொண்டு, ஊர் வந்துவிட்டதா என்பதுபோலச் சுற்றிப் பார்த்தார். பன்னிரண்டு மார்க் கேள்வியாக வைக்கலாம்: மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியும் 120 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியும் ஒரே நேரத்தில் சமயபுரம் வந்து சேர்ந்தால், இரண்டாவது வண்டியில் இருப்பவளின் தாயார் எத்தனை முறை மாரியம்மனைக் கூப்பிட்டிருப்பார்?

ஒன்றரை மணிக்கு வீடு. வந்ததும் மகள் சோபாவில் காலைத் தூக்கிப்போட்டு ரீல்ஸ் பார்க்க ஆரம்பித்தாள். ஆற்றங்கரையில் ஒரு ஆள் மூங்கிலுக்குள் கோழியை அடைத்துச் சுட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒரு பூனை. நான்கு மணி வரை எழுந்திருக்கவில்லை. வரவேற்புக்கு 6.20க்கே போய் முதல் வரிசையில் உட்கார்ந்தோம். நாற்காலிக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தார்கள். மணப்பெண் மேடைக்கு வந்தது 8.10க்கு. ஆக, அந்த 32 நிமிஷத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்துவிட்டேன். டபராவுக்குக் கொஞ்சம், சிப்ஸுக்குக் கொஞ்சம், மூங்கில் கோழிக்கும் பூனைக்கும் மிச்சம்.

எங்கே விட்டேன்? ஆமாம், கேள்வி.

இந்த வயதுப் பிள்ளைகளிடம் நேராக எதையும் கேட்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். வண்டி அவளுடையது. மாதத் தவணை அவள் கட்டுகிறாள். பெட்ரோல் அவளுடையது. ஒரே பார்வையில் அறுபது பிள்ளைகளை வாயடைக்க வைத்த எனக்கு, இந்த ஒருத்தியிடம் பேச அவளுடைய மீட்டிங் முடிய வேண்டியிருக்கிறது. அதனால் நாம் எல்லோரும் செய்வதைத்தான் முதலில் செய்தேன். ஜாடையாகப் பேசினேன். "தெருக்கோடி வீட்டுப் பையன் பைக்ல விழுந்து கைல பிளேட் வச்சிருக்காங்களாம்" என்று ரசத்தைப் பார்த்துச் சொன்னேன். "ஐயோ பாவம்" என்று ரசத்தை ஊற்றிக்கொண்டாள்.

முன்பெல்லாம் வாட்ஸ்அப்பில் விபத்து வீடியோ அனுப்பிப் பார்த்திருக்கிறேன். வண்டி ஓட்டும்போது போன் பார்ப்பதன் ஆபத்து பற்றிய ஒன்றை அனுப்பியதும் உடனே கட்டைவிரல் வந்தது. மகிழ்ந்துபோய் "எங்கடீ இருக்க?" என்று கேட்டால், "கிண்டி சிக்னல்மா. வண்டி நிக்குது, அதான் பார்த்தேன்" என்கிறாள். சென்னைக்குள் கார்களுக்கு 60, குடியிருப்புத் தெருக்களில் 30 என்று 2023 நவம்பரில் போலீஸ் அறிவித்ததையும் அனுப்பினேன். "அறுபதா! எங்க ஆபீஸ் ரோட்டுல அறுபதுல போக முடிஞ்சா தேங்காயே உடைப்பேன்" என்று வந்தது. இதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.

வீட்டுக்காரர் துணைக்கு வருவார் என்று நினைத்தால், அவர் கட்சி மாறி வெகுநாளாயிற்று. "என் பொண்ணு எப்படி ஓட்டுறா பாரு" என்று பின்சீட்டில் சாய்ந்துகொண்டு சொல்கிறார். பெல்ட் போடாமல் சொல்கிறார். 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி காரின் பின்சீட்டில் பெல்ட் இல்லாமல் இருந்து இறந்துபோனபோது நாடே பின்சீட் பெல்ட்டைப் பற்றிப் பேசியது. இவரும் பேசினார், மணிக்கணக்காக, வாக்கிங் போகிற இடத்தில். காரில் ஏறியதும், "பின்னாடி யாரு பார்க்கப் போறா?" போலீஸ் பார்ப்பதற்காகக் கட்டுகிற நகை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். "ஆறு ஏர்பேக் இருக்கு" என்று ஒரு சமாதானம் வேறு. பெல்ட்டோடு சேர்ந்தால்தானே ஐயா அது காப்பாற்றும்!

திங்கட்கிழமை காலை, பொறுக்காமல், பழைய நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு அவள் எதிரே உட்கார்ந்தேன். நமக்குத் தெரிந்த பாஷை கணக்கு. 120ஐ 5/18ஆல் பெருக்கினேன். விநாடிக்கு 33 மீட்டர் சொச்சம். "உளுந்தூர்பேட்டைக்கிட்ட பாட்டு மாத்த போனைப் பார்த்தியே, மூணு செகண்ட் இருக்குமா?" "இருக்கும்." "நூறு மீட்டர். எங்க ஸ்கூல் கிரவுண்டுல நூறு மீட்டர் ஓட்டத்துக்குக் கோடு போடுவாங்களே, அந்த முழு நீளத்தையும் கண்ணை மூடிக்கிட்டு ஓட்டியிருக்க." அடுத்த வரியில், வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கிற தூரம் நான்கு மடங்கு என்று எழுதி, அடிக்கோடும் போட்டேன்.

நோட்டை வாங்கி நிதானமாகப் பார்த்தாள். பேனாவை எடுத்து ஓரத்தில் ஒரு டிக் அடித்தாள். "கணக்கு கரெக்ட்மா. ஆனா ஹைவேஸ்ல ஸ்லோவா போறதுதான் டேஞ்சர். எனக்குக் கன்ட்ரோல் இருக்கு." எனக்கே டிக்! கன்ட்ரோல் இருக்கிறதாம். காபிக்கடைப் பலகையைப் பார்த்ததும் கன்ட்ரோல் போய்விடுகிறது, தள்ளுபடி என்று மெசேஜ் வந்தால் போய்விடுகிறது, ராத்திரி பத்து மணிக்கு மேல் பிரியாணி வரவழைக்கிறாள். 119இல் மட்டும் இருக்கிறதாம்.

அப்போதுதான் நோட்டை மூடிவைத்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்க வாயெடுத்தேன். அவள் போன் அடித்தது. மீட்டிங். "ஒரு நிமிஷம்மா" என்று எழுந்து போனாள். நான் கேட்டேன்தான், இல்லை என்று சொல்லவில்லை. கதவைப் பார்த்துக் கேட்டேன். உள்ளேயிருந்து "சரிம்மா, சரிம்மா" என்று பதில் வந்தது. எனக்குச் சொன்னதா, மேனேஜருக்குச் சொன்னதா, தெரியவில்லை.

அடுத்த மாதம் என் கண் ரெவ்யூவுக்காக மறுபடி சென்னை போக வேண்டும். பல்லவன் ரயிலில் எனக்கு ஒரு டிக்கெட் மட்டும் போட்டேன். மகள் அந்த வாரக் கடைசியில் திருச்சி வருகிறாளாம். திரும்பும்போது வீட்டுக்காரர் அவளோடு காரில் சென்னைக்கு வருகிறாராம். "நீ எழும்பூர்ல இறங்கறதுக்குள்ள நாங்க பிளாட்பாரத்துல நிப்போம், பந்தயமா?" என்றார். பந்தயமெல்லாம் வேண்டாங்க, என் பெட்டியை மட்டும் நீங்க கொண்டுபோங்க என்று சொல்லியிருக்கிறேன்.