பெடியனை விங்கர் ஆக்குவது எப்படி?

முதலில் பிள்ளையைக் கிழக்கு லண்டனின் இல்ஃபோர்டில் பெற்றெடுங்கள். மான்செஸ்டர் யுனைடெட்டுக்கும் இங்கிலாந்துக்கும் ஆடிய பால் இன்ஸ் 1967இல் இங்கேதான் பிறந்தார், ஆகவே மண்ணில் குறையில்லை. ஹை ரோட்டில் க்ரிக்கிள்ஃபீல்ட் அரங்கம். பக்கத்தில் சாட்வெல் ஹீத், வெஸ்ட் ஹாம் பல தலைமுறை வீரர்களை வளர்த்த இடம். எல்லாம் இவ்வளவு கிட்ட இருப்பதால் பெடியன் தானாகவே அந்தப் பக்கம் போய்விடும் ஆபத்து உண்டு. அதற்குத்தான் லெவன் பிளஸ் நுழைவுத்தேர்வு டியூஷன்.

இல்ஃபோர்ட் கவுண்டி ஹையில் இடம் கிடைக்கும்வரை பந்து கார் டிக்கியில் இருக்கட்டும். அதே பள்ளிக்கூடத்தில் படித்த ட்ரெவர் புரூக்கிங், 1980 எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் ஆர்சனலுக்கு எதிராக வெஸ்ட் ஹாமின் ஒரே கோலைத் தலையால் அடித்தார், பின்னாளில் ‘சர்’ பட்டமும் வாங்கினார் என்ற செய்தி மட்டும் வீட்டுக்குள் வரக்கூடாது. படிப்பும் பந்தும் ஒரே பையில் போகலாம் என்று பிள்ளை நினைத்துவிடுவான்.

டியூஷனையும் தாண்டி அணியில் சேர்ந்துவிட்டானா? கவலை வேண்டாம், கைவசம் இன்னும் வழி இருக்கிறது. விங்கரின் இடம் ஓரக்கோடு. ஞாயிறு காலைக் குளிரில் அப்பாவின் வாய்க்கு மிக அருகில் ஓடுபவன் அவன்தான். அவன் வேலையோ, எதிரே நிற்கும் ஃபுல்பேக்கைத் தன்னந்தனியாக ஏய்த்துக் கடப்பது. அடிக்கடி பந்து பறிபோகும். உலகத்தின் தலைசிறந்த விங்கர்களுக்கும் போகிறது, தொழிலே அப்படி. நீங்கள் முதல் தடவை பறிபோனதுமே “பாஸ் பண்ணடா!” என்று கத்திவிடுங்கள். இரண்டாம் தடவை கோச்சைவிட உரக்க. மூன்றாம் தடவை அவன் முயலவே மாட்டான், பந்தைப் பின்னால் தள்ளிவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பான். இரண்டு பருவம் இப்படிப் போனால் அடக்கமான, சொன்ன சொல் தட்டாத பிள்ளை ஒருவன் கிடைப்பான். நம் பகுதியில் அப்படிப்பட்டவர்கள் நிறையவே உண்டு. விங்கருக்குத்தான் பஞ்சம்.

சின்ன வயதில் ஐவர் ஆட்டம், பிறகு எழுவர், ஒன்பதின்மர் என்று வைத்து, கடைசியில்தான் பதினொருவரை இறக்குகிறது கால்பந்துச் சங்கமான எஃப்.ஏ. பிள்ளையின் காலில் பந்து அதிகம் பட வேண்டுமாம். கீழ் வயதுகளுக்குப் புள்ளிப்பட்டியலும் கிடையாது. பரவாயில்லை, அதைப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் நாமே வைத்துக்கொள்ளலாம்.

அகாடமி கூப்பிட்டால் அன்று மாலையே சொந்தபந்தம் எல்லாருக்கும் அறிவித்துவிடுங்கள். எட்டு வயதில் உள்ளே எடுப்பார்கள். பதினாறில் இரண்டாண்டு ஸ்காலர்ஷிப், பதினேழிலிருந்து தொழில்முறை ஒப்பந்தம். பெரும்பாலானோரை நடுவழியில் விட்டுவிடுவார்கள். அந்தச் செய்தியை யாரும் கலியாண வீட்டில் அறிவிப்பதில்லை. பதினொரு வயதுப் பிள்ளைக்குக் கையெழுத்துக் கேட்டு ‘ஏஜென்ட்’ என்று ஒருவர் வந்தால், இது பகிடி இல்லை, தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். பதினாறு வயதாகும் ஆண்டுக்கு முன் அப்படி ஒப்பந்தம் போட விதியே இடம் தராது.

“நம்மட ஆட்கள் யார் ஆடியிருக்கினம்?” என்று மாமா கேட்பார். விமல் யோகநாதன் என்று சொல்லுங்கள். வேல்ஸில் வளர்ந்து, 2023இல் பார்ன்ஸ்லியின் முதல் அணியில் இறங்கிய தமிழர். “அவர் மிட்ஃபீல்டர் அல்லோ” என்று மாமா மடக்குவார். விங்கர்தான் வேண்டுமென்றால் வட லண்டனின் டிலன் மார்கண்டே இருக்கிறார், இந்திய வம்சாவளி. டாட்டனம் அகாடமியில் வளர்ந்து 2021 அக்டோபரில் அவர்களது முதல் அணிக்கு ஆடினார். அடுத்த ஜனவரியிலேயே பிளாக்பர்னுக்கு அனுப்பப்பட்டார். டாட்டனம் முதல் அணியில் அவருக்குக் கிடைத்தது அந்த ஓர் ஆட்டம்தான். மாமாவிடம் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

இத்தனையும் செய்த பிறகும் அடுத்த ஞாயிறு பெடியன் ஃபுல்பேக்கைக் கடக்கத்தான் பார்க்கிறானா? அப்படியானால் இந்த வழிகாட்டி உங்களுக்கு உதவாது. சந்தாவைக் கட்டுங்கள், காலுறையைத் தோய்த்துக் கொடுங்கள், கோட்டோரத்தில் வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள்.