புனிதர்கள் தங்கிய ஹாஸ்டல்

பிரெஞ்சுக்காரர்கள் கையில் ஸ்பானியன் சிக்கினால் கம்பியில் குத்தி நெருப்பில் வாட்டிவிடுகிறார்கள் என்று பார்சிலோனாவில் தெரிந்தவர்கள் எல்லாம் அவரிடம் சொல்லிப் பார்த்தார்கள். இரண்டு நாடுகளுக்கும் அப்போது சண்டை. ஒரு பக்கம் முதலாம் பிரான்சுவா, மறுபக்கம் ஐந்தாம் சார்லஸ். வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறவனிடம் ஊரில் நாலு பேர் இப்படி எதையாவது கொளுத்திப் போடுவது எல்லா நூற்றாண்டுகளிலும் வழக்கம்தான். இனிகோ லொயோலா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. குளிர்காலத்தில் தன்னந்தனியாக நடந்தே கிளம்பினார். 1528 பிப்ரவரி 2 அன்று பாரிஸ் வந்து சேர்ந்தார். யாரும் அவரை வாட்டவில்லை. அந்த வேலையைப் பல்கலைக்கழகம் பார்த்துக்கொண்டது.

நாம் புனித இஞ்ஞாசியார் என்று சொல்கிறோமே, அவரேதான். அவர் பெயரில் இன்று உலகம் முழுக்கக் கல்லூரிகள். சென்னையிலும் ஒன்று இருக்கிறது. பாரிசில் முதல் வருஷம் அவருக்கு இருந்த அட்டெண்டன்ஸை வைத்துப் பார்த்தால், அந்தக் கல்லூரிகளில் ஒன்றுகூட அவரைப் பரீட்சை எழுத விட்டிருக்காது.

புனிதர் சரித்திரம் எழுதுகிறவர்கள் எதைக் கேட்டாலும் தேவ கிருபை என்று முடித்துவிடுகிறார்கள். இருக்கட்டும், மறுக்கவில்லை. ஆனால் பணமுடை என்ற ஒன்றுக்கும் அதில் கொஞ்சம் பங்கு தர வேண்டும் என்பது என் கட்சி.

வந்து இறங்கியபோது இனிகோவிடம் பணம் இல்லாமல் இல்லை. பார்சிலோனாவிலிருந்து கொண்டுவந்த உண்டியல் சீட்டை ஒரு வணிகரிடம் மாற்றினார். 25 எஸ்கூடோ, எல்லாம் தங்கம். கையில் வைத்திருந்தால் தொலைந்துவிடும் என்று, தங்கியிருந்த இடத்தில் இன்னொரு ஸ்பானிய மாணவனிடம் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லிக் கொடுத்தார். அவனும் பத்திரமாகச் செலவழித்தான். தவக்காலம் பிறப்பதற்குள் காசும் காலி, வாடகைக்கும் வழியில்லை. ‘திருப்பித் தா’ என்றால் அவனிடம் தர என்ன இருக்கிறது?

அப்புறம் பிச்சைதான். சேன் நதிக்கு வடக்கே, ஸ்பானிய யாத்திரிகர்களுக்கு இலவசமாக இடம் கொடுத்துக்கொண்டிருந்த புனித யாக்கோபு சத்திரத்தில் ஒதுங்கினார். இடம் இலவசம், சிக்கல் கதவில். பொழுது விடிந்தால்தான் திறப்பார்கள். மாலை மணி அடிப்பதற்குள் சாத்திவிடுவார்கள். இவர் படித்த மோந்தேகு கல்லூரியோ ஆற்றுக்குத் தெற்கே, மேட்டில் இருந்தது. அங்கே விடியும் முன்பே முதல் வகுப்பு ஆரம்பமாகிவிடும். போர்முனையில் பீரங்கிக் குண்டு பட்டு ஒரு கால் முறிந்த மனிதர், விந்தி விந்திப் பாலம் தாண்டி மேடேறிப் போய்ச் சேரும்போது ஆசிரியர் இரண்டாம் பாடத்தில் இருப்பார். சாயங்காலம் கடைசி வகுப்பு முடியும் முன்பே எழுந்து ஓட வேண்டும்.

போதாததற்கு வகுப்புத் தோழர்கள் எல்லாம் பொடியன்கள். பாரிஸ் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு தெரிய வேண்டிய அவசியமில்லை. பாடம், பரீட்சை, சண்டை எல்லாமே லத்தீனில். இனிகோவின் லத்தீனில் அஸ்திவாரமே இல்லாததால், நாற்பதை நெருங்கும் வயதில் பையன்களோடு பெஞ்சில் உட்கார்ந்து வேற்றுமை உருபு மனப்பாடம் செய்தார். பெஞ்சு இருந்ததா, வெறும் தரையா என்று என்னைக் கேட்காதீர்கள்.

மோந்தேகுவைப் பற்றி ஒரு வார்த்தை. இவருக்கு முப்பது வருஷம் முன்பு, 1495-ல், அங்கே எராஸ்மஸ் தங்கிப் படித்தார். அழுகிய முட்டை, கெட்டுப்போன ஒயின், முரட்டுப் படுக்கை, பேன் என்று பின்னாளில் அவர் அந்த விடுதியை நார் நாராகக் கிழித்து எழுதியதில், ஐரோப்பாவின் தலைசிறந்த அறிஞர் ஒருவருக்குத் தன் ஹாஸ்டல் மெஸ் மீதிருந்த கோபம் ஆயுசுக்கும் ஆறவில்லை என்று தெரிகிறது. கிட்டத்தட்ட இனிகோ நுழைந்த சமயத்தில்தான் இன்னொரு மாணவர் அங்கே படிப்பை முடித்து வெளியேறினார். பெயர் ழான் கால்வின். ஒருவர் சீர்திருத்த சபைகளுக்குத் தலைவரானார். மற்றவர் அதற்கு எதிரே கத்தோலிக்கத் திருச்சபையின் முன்வரிசைப் படை போன்ற ஒரு துறவற சபையை நிறுவினார். இறையியலில் இருவருக்கும் எந்தப் பொருத்தமும் கிடையாது. படித்த கல்லூரி மட்டும் ஒன்று.

பிச்சை எடுத்தால் படிக்க முடியவில்லை, படித்தால் சாப்பிட முடியவில்லை. ஏதாவது ஒரு பேராசிரியருக்கு எடுபிடியாகப் போய்ச் சேர்ந்தால் இரண்டும் நடக்குமே என்று தேடினார். முப்பத்தேழு வயது மாஜி சிப்பாயை யார் எடுபிடியாக வைத்துக்கொள்வார்கள்? கடைசியில் ஒரு துறவி யோசனை சொன்னார்: விடுமுறையில் ஃப்ளாண்டர்ஸ் போ, அங்கே ஸ்பானிய வியாபாரிகள் கொழுத்துக் கிடக்கிறார்கள், வருஷத்துக்கு வேண்டியதை ஒரே மூச்சில் வசூல் பண்ணிக்கொண்டு வந்து நிம்மதியாகப் படி. ப்ரூஜஸ், ஆண்ட்வெர்ப் என்று போனார். ஒரு தடவை லண்டன் வரைகூடப் போனார். மற்ற எல்லா வருஷத்தையும்விட அந்த வருஷம்தான் வசூல் அதிகம் என்று அவரே பின்னால் சொல்லியிருக்கிறார்.

நடுவில் அந்தக் காசைத் தின்றவனிடமிருந்து கடிதம். ஸ்பெயினுக்குக் கப்பல் ஏறப் போன இடத்தில், ருவான் நகரில், காய்ச்சலாகப் படுத்துவிட்டானாம், உதவி வேண்டுமாம். கடன் வாங்கியவன் கடன் கொடுத்தவனுக்கு இப்படி ஒரு கடிதம் எழுதத் தனித் துணிச்சல் வேண்டும். இனிகோ 28 லீக் தூரத்தை மூன்று நாளில், வெறுங்காலோடு, அன்னந்தண்ணீர் இல்லாமல் நடந்து போய், அவனைத் தேற்றிக் கப்பல் ஏற்றிவிட்டு வந்தார். இதைப் படிக்கும்போது மட்டும் எனக்குக் கேலி வாயில் வர மறுக்கிறது.

1529-ல் எதிர்ச் சாரியில் இருந்த சேந்த்-பார்ப் கல்லூரிக்கு மாறினார். இரண்டுக்கும் நடுவே இருந்த சந்துக்கு நாய்ச்சந்து என்று பெயர். நாற்றத்துக்குப் புகழ் பெற்றது. அங்கே அவருக்குக் கிடைத்த அறையில் ஏற்கெனவே இரண்டு பையன்கள் இருந்தார்கள். இருவரும் 1506-ஆம் வருஷம் ஏப்ரலில், ஒரே வார இடைவெளியில் பிறந்தவர்கள். ஒருவர் பியேர் ஃபாவ்ர்; சவோய் மலையில் ஆடு மேய்த்தவர், சாது, படிப்பில் புலி, கிரேக்கத்தில் வாத்தியாரே இவரிடம் சந்தேகம் கேட்பார். இன்னொருவர் நவார் நாட்டுக் கோட்டை வீட்டுப் பிள்ளை, கூடவே ஒரு வேலைக்காரன், சேன் நதித் தீவில் உயரம் தாண்டுவதில் கெட்டிக்காரர். பெயர் பிரான்சிஸ் சேவியர்.

ஆமாம், நம் சவேரியார்.

சவேரியாருக்குப் புது அறைத்தோழரைப் பிடிக்காமல் போக நியாயமான காரணம் இருந்தது. 1521-ல் பாம்ப்லோனா கோட்டையைக் காஸ்டில் அரசருக்காகக் காத்து நின்றபோதுதான் இனிகோவின் கால் உடைந்தது. எதிர்த் தரப்பில், பிரெஞ்சுக்காரர்களோடு சேர்ந்துகொண்டு நவாரை மீட்கப் போராடியவர்கள் சவேரியாரின் அண்ணன்மார். அதற்கு ஐந்து வருஷம் முன்பு சவேரியார் வீட்டுக் கோட்டைச் சுவர்களை இடித்துத் தள்ளியது அதே காஸ்டில்தான். ஹாஸ்டலில் அறை ஒதுக்குகிறவர்கள் இதையெல்லாம் விசாரிப்பதில்லை.

கோட்டை போனாலும் கெத்து போகவில்லை. தாம் அசல் பிரபு வம்சம் என்று அத்தாட்சி வாங்கினால் ஊரில் நல்ல திருச்சபைப் பதவி கிடைக்கும் என்று 1531-ல் சவேரியார் மனுப் போட்டார். சாட்சி, விசாரணை, முத்திரை எல்லாம் முடிந்து தீர்ப்பு வந்தது 1536 ஆகஸ்டில். ஒரு சாதிச் சான்றிதழுக்கு ஐந்து வருஷம்! அதற்குள் மனுதாரர் ஏழை வாழ்வுக்கு நேர்ந்துகொண்டிருந்தார். நவம்பரில் பாரிசை விட்டே போய்விட்டார்.

இந்த மாற்றத்துக்கும் பணம்தான் வாசல். 1530-ல் எம்.ஏ. முடித்து பொவே கல்லூரியில் அரிஸ்டாட்டில் நடத்திக்கொண்டிருந்தார் சவேரியார். வீட்டிலிருந்து வருவது போதவில்லை. ஃப்ளாண்டர்ஸ் வசூலில் இருந்து எடுத்துக் கொடுத்தவர் இனிகோ. வகுப்புக்கு மாணவர்களையும் பிடித்துத் தந்தார். பிச்சைக்காரர் பிரபுவுக்குப் படியளந்த கதை இது. 1533-ல் ஃபாவ்ர் ஏழு மாதம் சொந்த ஊருக்குப் போய்விட, அறையில் சவேரியாரும் இனிகோவும் மட்டும் தனியாக மாட்டிக்கொண்டார்கள். ஃபாவ்ர் திரும்பி வந்து பார்த்தபோது சவேரியார் ஆளே மாறியிருந்தார். வேலைக்காரனுக்குத்தான் ஆத்திரம், வருமானம் போகிறதே என்று கத்தியோடு இனிகோவைத் தேடிப் போனான் என்றும், ஏதோ ஒரு குரல் கேட்டு நடுங்கி நின்றான் என்றும் ஒரு கதை உண்டு.

இப்போது பிரின்சிபால். தியோகோ தெ கொவேயா, போர்ச்சுக்கீசியர், தம் அரசருக்கு வேண்டியவர். ஞாயிற்றுக்கிழமை வாதப் பயிற்சிக்கு வர வேண்டிய பையன்களை இனிகோ ஜெபத்துக்கு இழுத்துப் போகிறார் என்று புகார். மணி அடித்து, எல்லாரையும் கூடத்தில் கூட்டி, எல்லார் முன்னாலும் சவுக்கடி கொடுப்பது அங்கே தண்டனை முறை. சவுக்கு தயார். அடி வாங்குவதில் தமக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் பையன்கள் பயந்து நல்வழியை விட்டுவிடுவார்களே என்று இனிகோ தனியே போய்ப் பேசினார். பிரின்சிபால் அவர் கையைப் பிடித்துக் கூடத்துக்கு அழைத்து வந்து, காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டார் என்று பழைய சரித்திரக்காரர்கள் எழுதுகிறார்கள். காலில் விழுந்த இடத்தில் கொஞ்சம் மசாலா தூக்கலாக இருக்கலாம். அடி விழவில்லை, அது நிச்சயம்.

1534 ஆகஸ்ட் 15. மோன்மார்த்ர் குன்றில் ஒரு சிற்றாலயம். இனிகோ, ஃபாவ்ர், சவேரியார் உட்பட ஏழு பேர் சேர்ந்து ஏழ்மைக்கும் கற்புக்கும் ஜெருசலேம் பயணத்துக்கும் நேர்ந்துகொண்டார்கள். பிறகு அடிவாரத்து ஊற்றங்கரையில் ரொட்டியும் தண்ணீருமாகப் பொழுதைக் கழித்தார்கள். ஏழ்மையைப் பொறுத்தவரை அவர்களில் சிலருக்கு முன்னனுபவம் போதுமான அளவுக்கு இருந்தது.

ஜெருசலேமுக்குக் கப்பல் கிடைக்கவில்லை. அந்தச் சமயம் பார்த்து, இந்தியாவுக்கு ஆள் வேண்டுமா, என் பழைய மாணவர்கள் இருக்கிறார்கள் என்று போர்ச்சுக்கல் அரசருக்குச் சிபாரிசு செய்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? சவுக்கோடு நின்ற அதே கொவேயாதான். 1540-ல் இந்தியாவுக்கு என்று பொறுக்கி எடுத்தவர்களில் சவேரியார் பெயரே இல்லை. போபதியா என்ற பாரிஸ் தோழர் போக வேண்டியது; அவர் நோயில் விழுந்தார். ஒரே நாள் அவகாசத்தில் சவேரியாரை அனுப்பினார்கள். முத்துக்குளித்துறைக்கு வந்த புனிதர் ப்ராக்ஸியாக வந்தவர்.

1542 அக்டோபரில் அவர் நம் கரைக்கு வந்தார். பாரிசில் இருட்டோடு மணி அடித்து எழுப்பப்பட்டவர், தூத்துக்குடிப் பக்கத்துப் பரதவர் ஊர்களில் தாமே தெருத் தெருவாக மணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டினார். இரண்டு மொழியும் தெரிந்தவர்களை வைத்துக்கொண்டு ஜெபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, சொல்லிக் கொடுத்தார். மறுபடியும் உருப்போடும் மாணவர்.

1544 ஜனவரி 15 தேதியிட்டுக் கொச்சியிலிருந்து, ரோமில் இருந்த தோழர்களுக்கு ஒரு நீண்ட கடிதம். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்கிறது, ஜெபம் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டுகிறது என்கிறார். இங்கே ஆள் போதாமல் தவிக்க, அங்கே படித்த படிப்பை வைத்துக்கொண்டு பதவிக்கு அலைகிறவர்களைப் பார்த்து, பாரிஸ் பல்கலைக்கழகத்துக்கே வந்து பைத்தியக்காரன் மாதிரிக் கத்த வேண்டும் போலிருக்கிறது என்றும் எழுதுகிறார். பிரபுப் பட்டத்துக்கு மனுப் போட்டவர் எழுதியது இது! அடுத்த வருஷமே அது பாரிசில் அச்சாகிப் பரவியது. சேந்த்-பார்ப் பையன்களுக்கு அதில் எது வியப்பாக இருந்ததோ தெரியாது. ஊரை விட்டுப் போன ஒருவன் அவ்வளவு நீளக் கடிதம் எழுதி, அதில் பணம் அனுப்பச் சொல்லி ஒரு வரிகூட இல்லாதது எனக்கு வியப்புத்தான்.