எதிர்வீட்டுச் சுவர்: மணலூர்பேட்டையின் வர்ணத் தேர்வு குறித்து ஓர் ஆய்வு

வீட்டுக்கு என்ன கலர் அடிப்பது என்ற யோசனை மனிதருக்கு எங்கிருந்து உதிக்கிறது? ஜெர்மானியக் கவிஞர் கதே 1810-இல் நிறங்களைப் பற்றி மிகப் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். அதில் ஒளி வருகிறது, இருள் வருகிறது, கண் வருகிறது, மாமியார் வரவில்லை. இந்தக் குறையைப் போக்கும் பொருட்டு, கள்ளக்குறிச்சி மாவட்டம் மணலூர்பேட்டையைக் களமாகக் கொண்டு இவ்வாய்வு மேற்கொள்ளப்படுகிறது.

களத்தை ஏன் இங்கே வைத்தோம் என்றால், பிற ஊர்களில் வெள்ளையடிக்கக் கெடு ஒன்றுதான்: போகி. மணலூர்பேட்டைக்கு இரண்டு. தை ஐந்தாம் தேதி தென்பெண்ணையில் ஆற்றுத் திருவிழா. திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையாரே தீர்த்தவாரிக்கு இங்கு எழுந்தருள்கிறார். சுற்றுப்பட்டு ஊர்ச் சாமிகளும் ஆற்றுக்கு வருகின்றன. சாமியோடு சனம் வரும். சனத்தோடு சம்பந்தி வருவார். சாமி சுவரைப் பார்ப்பதில்லை. சம்பந்தி சுவரை மட்டுமே பார்ப்பார். ஆகவே போகிக்குள் முடியாத வேலையை, "தை அஞ்சுக்குள்ள கண்டிப்பா முடிச்சிடலாங்க" என்று பெயின்டர் தள்ளிப்போடுவதற்கு இங்கே சமய ஆதாரமே இருக்கிறது.

இத்துறையில் நிலவிவரும் கோட்பாடுகளுள் முதன்மையானது புடவைக் கோட்பாடு. பெயின்ட் கடை ஷேடு கார்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறங்கள். ஒவ்வொன்றுக்கும் வாயில் நுழையாத ஓர் ஆங்கிலப் பெயர். வீட்டம்மா அதை மரியாதையாக மூடி வைத்துவிட்டு, பையிலிருந்து ஜாக்கெட் துணி ஒன்றை எடுத்து நீட்டுவார்: "இந்த மாந்துளிர்ல ரெண்டு டப்பா குடுங்க." கிளிப்பச்சை, மயில் கழுத்து, வெங்காயத் தோல் என்று தமிழரின் நிற ஞானம் ஜவுளிக்கடைப் பாயில் உட்கார்ந்து கற்றது. காஞ்சிபுரம் முத்துச் செட்டியார் எம்.எஸ்.சுப்புலட்சுமிக்காக நெய்து தந்த நீலம் 'எம்.எஸ். புளூ' என்றே நிலைத்துவிட்டதை இங்கு நினைவில் கொள்க. இக்கோட்பாட்டின் ஓட்டை, பட்டில் இருப்பது பெயின்டில் வராது என்பதே. மயில் கழுத்து உண்மையில் ஒரு நிறமன்று. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். துணி அசைய அசைய ஒன்று மறைந்து மற்றொன்று தெரிவதால் வரும் மினுக்கு அது. சுவர் அசையாது. அசைந்தால் கவலை வேறு.

ராசிக் கோட்பாடு நெடுநேரம் தாங்கவில்லை. டிவி ஜோசியர் அதிர்ஷ்ட நிறத்தைத் தினமும் மாற்றுகிறார். எமல்ஷன் ஐந்து வருடம் நிற்கிறது. டோக்கன் கோட்பாடு சற்றே வலுவானது. டப்பாவுக்குள் பெயின்டருக்கென்று கம்பெனிகள் டோக்கன் போடும் வழக்கம் இருப்பதால், "சார், இந்தப் பிராண்டுதான் நம்ம வெயிலுக்கு நிக்கும்" என்ற அறிவுரையின் ஊற்றுக்கண் டப்பாவின் அடியில் கிடக்கிறது என்பது இதன் சாரம். ஆனால் டோக்கன் பிராண்டை விளக்குமே தவிர நிறத்தை விளக்காது.

நிறத்தை விளக்க இவ்வாய்வு முன்வைப்பது எதிர்வீட்டு விதி. அதன் அடிப்படை எளியது. நம் வீட்டு முகப்பை நாம் பார்ப்பது கிரகப்பிரவேச ஆல்பத்திலும், கேட்டைத் திறக்கும் அரை நிமிடத்திலும்தான். எதிர்வீட்டு முகப்பையோ திண்ணையில் உட்கார்ந்து காலை காப்பி முதல் ராத்திரி கரன்ட் போகும் வரை பார்க்கிறோம். அவர்கள் நம்முடையதைப் பார்க்கிறார்கள். அதாவது ஒவ்வொரு குடும்பமும் தன் காசைப் போட்டு எதிர்க் குடும்பத்தின் கண்ணுக்கு வர்ணம் அடிக்கிறது. எனவே யோசனையும் அங்கிருந்தே வந்தாக வேண்டும். "அவங்க ஆரஞ்சு அடிச்சிட்டாங்க, நாம என்னா பண்றது?" என்பதே தெருவில் உண்மையாக நிகழும் வர்ண ஆலோசனை. ஆரஞ்சுக்குப் பதில் பச்சை. பச்சைக்குப் பக்கத்து வீடு ஊதா. ஒரு முகப்பில் கறுப்பும் சிவப்பும் அடுத்தடுத்து வந்துவிட்டால் அது கலரில்லை, கொள்கை. அதற்கு எதிர்வினை வேறு வகையைச் சேரும், தேர்தல் ஆண்டில் தனியே ஆராயத்தக்கது.

இவ்விதிக்கு மேல்நாட்டு ஆதரவும் உண்டு. பாரிஸில் கோபலான் என்னும் புகழ்பெற்ற திரைச்சீலை ஆலையின் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் மிஷேல் எழேன் ஷெவ்ரெல் (1786–1889, நூற்றிரண்டு வயது வரை நிறம் பார்த்த மனிதர்). நீலத்துக்கும் ஊதாவுக்கும் நடுவே வரும் கறுப்பு நூல் வெளிறித் தெரிகிறது, சாயம் சரியில்லை என்று புகார் வந்தது. அவர் ஆராய்ந்து பார்த்தார். சாயத்தில் குற்றமில்லை, பக்கத்து நிறம்தான் கறுப்பைக் கெடுத்தது. 1839-இல் இதை விதியாக்கித் தடித்த நூலாக வெளியிட்டார். ஆரஞ்சுக்கு அருகில் நிற்கும் பச்சையில் நீலம் தட்டும். மணலூர்பேட்டையில் கிளிப்பச்சை வாங்கி அடித்தவர், தெருவில் அது நீலம் கலந்து நிற்பதைக் கண்டு, டப்பாவைத் தூக்கிக்கொண்டு கடைக்காரரிடம் கலப்படச் சண்டைக்குப் போகிறார். கடைக்காரருக்கு ஷெவ்ரெலைத் தெரியாது. "ரெண்டாவது கோட் அடிச்சா சரியாயிடும்" என்கிறார்.

டெக்ஸ்சர் பற்றிச் சில சொல்ல வேண்டும். முந்தைய தலைமுறை கொத்தனாருக்குக் கூலி கொடுத்துச் சுவரை மொழுமொழுவென்று ஆக்கச் சொன்னது. செட்டிநாட்டில் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவையும் சேர்த்துக் கண்ணாடிபோல் தேய்த்தார்கள். இன்றைய தலைமுறை பட்டி பார்த்து வழவழப்பாக்கிய சுவரின்மேல், ரோலர் உருட்டிச் சொரசொரப்பு ஏற்றுவதற்கு இன்னொரு கூலி கொடுக்கிறது. கல்வராயன் மலையின் பழைய மண்சுவர் வீடுகளில் அந்தச் சொரசொரப்பு இலவசம். காலடி மண்ணையே குழைத்து எழுப்பிய சுவருக்கு நிறம் தேடி யாரும் கடைக்குப் போகவில்லை.

வெள்ளைக்குள் நீலம் கலப்பதும் நெடிய வரலாறு உடையது. சுண்ணாம்பு லேசாக மஞ்சளடிக்கும்; சிட்டிகை நீலம் போட்டால் கண் அதைத் தும்பைப்பூ வெள்ளையென்று நம்பும். அந்த நீலம் ஒருகாலத்தில் ஆப்கானிஸ்தான் மலைக்கல்லை அரைத்து எடுக்கப்பட்டது. ஐரோப்பிய ஓவியர்கள் மாதாவின் அங்கிக்கென்று சிக்கனமாக வைத்திருந்தது. 1820-களின் கடைசியில் அதைச் செயற்கையாகச் செய்யும் வழி பிரான்சில் கிடைத்தது. பிறகு அது வேட்டிக்கும் பொங்கல் சுவருக்கும் இறங்கிவந்தது.

சுண்ணாம்புக்கு இன்னொரு குணம், ஈரத்தை வெளியே விடுவது. எமல்ஷன் மேலே தோல்போல் மூடிக்கொள்ளும். உள்ளே ஈரம் நின்றால் கொப்பளித்து உரியும். 2024 டிசம்பர் 2 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். தென்பெண்ணைக் கரையூர்களில் வெள்ளம் புகுந்த வீடுகளுக்குச் சுவர் காய்வது பெரிய பாடு. வண்டல் ஒட்டிய சுவரைக் கழுவித் துடைத்தவர்களிடம் போய் கலர் பற்றிக் கேள்வி கேட்கும் அளவுக்கு இந்த ஆய்வு இன்னும் வளரவில்லை.

விதிக்கு விலக்கு தேடுவது ஆய்வாளர் கடமை. ஆற்றைப் பார்த்த வீட்டுக்கு எதிர்வீடே கிடையாது. அங்கே விதி உடைய வேண்டும். அப்படியொரு வீட்டுக்காரர் முகப்புக்கு வெறும் சுண்ணாம்பு அடித்திருந்தார், நீலம்கூடப் போடாமல். காரணம் கேட்டதற்கு, "எதிர்ல ஆறுங்க. அது ஒருதரம் உள்ள வந்துட்டுப் போனா எமல்ஷன் உரிஞ்சிடும். சுண்ணாம்புன்னா மறுபடி ஒரு கை அடிச்சிக்கலாம்" என்றார். விதி உடைந்ததா நின்றதா என்று குறிப்பேட்டில் எழுதத் தயங்கியபடி வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனோம். பின்சுவர் முழுக்கப் பளீரென்று ரோஸ் எமல்ஷன், இரண்டு கோட். பின்தெருவில் அவருடைய பங்காளி வீடு இருக்கிறது.