நிபந்தனைகள் நிறைவேற்றப்பட்டு வருகின்றன

அனுப்புநர்: சுரங்க எல்லையோரக் கிராமப் பொதுமக்கள்
பெறுநர்: ஒன்றியச் சுற்றுச்சூழல், வனம், காலநிலை மாற்ற அமைச்சகம், புதுதில்லி
நகல்: நிலக்கரி அமைச்சகம், புதுதில்லி

பொருள்: திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்கள் – சுற்றுச்சூழல், நிலமீட்பு நிபந்தனைகள் – மேற்பார்வை முறை – பாராட்டு தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: 1. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, 2006. 2. சுரங்க மூடல் திட்ட நெறிமுறைகள், 2009.

1. நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண், மண்மேல் கிடக்கும் வயல், வயலோரம் கிடக்கும் ஊர் மூன்றையும் அப்புறப்படுத்தும் தொழில் திறந்தவெளிச் சுரங்கம். இதற்குச் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். அனுமதிக்குத் தாக்க மதிப்பீடு வேண்டும். மதிப்பீட்டை அங்கீகாரம் பெற்ற ஆலோசனை நிறுவனம் தயாரிக்கிறது. கட்டணத்தைச் சுரங்க நிறுவனம் தருகிறது. மாப்பிள்ளை வீட்டாரே தரகருக்குக் கூலி கொடுத்த வரன் விசாரணையைப் போல, இதில் குறை அரிதாகவே தென்படும்.

2. அடுத்தது மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம். ஒரே மக்களைத் திரும்பத் திரும்பத் தொந்தரவு செய்வதில்லை என்னும் பெருந்தன்மை இம்முறையில் உண்டு. 2017-ல் 40 விழுக்காடு வரையிலும், 2022-ல் 50 விழுக்காடு வரையிலும், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, புதிய கூட்டமின்றியே சுரங்கங்கள் உற்பத்தியைக் கூட்டிக்கொள்ள வழி செய்யப்பட்டது. பள்ளம் அகலும்போது பந்தல் போடும் செலவு மிச்சம்.

3. அனுமதிக்குப் பின் வருவது மேற்பார்வை. ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய நாள்களில், நிபந்தனைகள் நிறைவேறிய விவரத்தைச் சுரங்க நிறுவனமே எழுதித் தர வேண்டும். விடைத்தாளைத் தேர்வரே திருத்தும் இம்முறையில் காலவிரயம் இல்லை. 'நிறைவேற்றப்பட்டது' என்பதைவிட 'நிறைவேற்றப்பட்டு வருகிறது' என்பதே அறிக்கைக்கு உகந்த தொடர்; அதற்கு முடிவு நாள் கிடையாது. விரிவாக்கம் கோரப்படும்போது மட்டும் மண்டல அலுவலகத்தின் சான்றிட்ட அறிக்கை தேவைப்படுகிறது. பழைய நிபந்தனைகள் என்னவாயின என்ற கேள்வி, இன்னும் தோண்ட வேண்டிய வேளையில்தான் உரக்க எழும்.

4. நிலமீட்பின் முதல் பாடம் மேல்மண். வளமான மேலடுக்கைத் தனியே சேமித்து, குழி நிரப்பிய பின் அதன்மேல் பரப்ப வேண்டும். கோல் இந்தியா சுரங்கங்கள் பற்றி 2019-ல் வெளியான இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கை, மேல்மண் குவிப்பில் விதிமீறல்கள் இருந்ததைச் சுட்டிக்காட்டியது. சேமித்த மண் எங்கே என்று தெரியாவிட்டால் அதைத் திருட யாராலும் முடியாது என்பதைத் தணிக்கையாளர்கள் கவனிக்கத் தவறிவிட்டனர்.

5. எஞ்சிய மண், மேடாகக் குவிக்கப்படுகிறது. மேட்டின் சரிவு 28 பாகைக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்பதும், எக்டேருக்கு 2,500 கன்றுகள் நட வேண்டும் என்பதும் அனுமதிக் கடிதங்களில் வழக்கமாகக் காணப்படும் நிபந்தனைகள். நட்ட கன்று அறிக்கையில் ஏறிய பின் பட்டுப்போவதற்குத் தடையில்லை. மறு ஆண்டு அதே குழியில் வேறொன்று நட்டால் எண்ணிக்கை இரட்டிப்பாகும். காடு வளர்ப்பில் இதைவிட விரைவான முறை கண்டுபிடிக்கப்படவில்லை.

6. நீருக்கு நெய்வேலி நல்ல எடுத்துக்காட்டு. அங்கு 1957 முதல் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டப்படுகிறது. நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் அழுத்தத்தோடு இருக்கும் ஊற்றுநீரை இறைத்துக்கொண்டே இராவிட்டால், சுரங்கத் தரை பொங்கிவிடும். ஆகவே இரவும் பகலும் நீர் இறைக்கப்படுகிறது. சுரங்கநீர் பரவனாற்றில் சேர்கிறது. ஆற்றில் நீர் கூடுவது அறிக்கைக்குச் சாதகம். கிணற்றில் நீர் இறங்குவது ஆழ்துளை போடுபவரின் வாழ்வாதாரத்துக்குச் சாதகம்.

7. கடைசிப் பாடம் சுரங்கத்தை மூடுவது. 2009 நெறிமுறைகளின்படி, திறந்தவெளிச் சுரங்கத்துக்கு எக்டேருக்கு ரூ.6 லட்சம் என்ற கணக்கில், மூடும் செலவுக்கான தொகையைத் தனி எஸ்க்ரோ (பொறுப்பு வைப்பு) கணக்கில் ஆண்டுதோறும் செலுத்தி வர வேண்டியிருந்தது. நிரப்பப்படாத பள்ளத்தில் மழை தேங்கினால், திட்டத்தில் அது 'நீர்நிலை' ஆகிவிடும். நெறிமுறைகள் வந்து பதினைந்து ஆண்டுகள் கடந்து, 2025-ல்தான் நாட்டிலேயே முதன்முறையாகச் சுரங்கங்களுக்கு இறுதி மூடல் சான்றிதழ் கிடைத்தது: மத்தியப் பிரதேசத்தின் பாத்தாகேடா பகுதியில் மூன்று நிலத்தடிச் சுரங்கங்களுக்கு. திறக்கும் வேகத்தோடு ஒப்பிட, மூடுவதில் அவசரம் காட்டப்படவில்லை என்பது தெளிவு.

8. இத்தகைய முறையை மேலும் செம்மையாக்கக் கீழ்க்காணும் பரிந்துரைகள் பணிவுடன் முன்வைக்கப்படுகின்றன.

அ. 28 பாகைச் சரிவிலிருந்தும் மண் ஓடையில் இறங்குவதால், அனுமதிக் கடிதத்தின் நகல் வடகிழக்குப் பருவமழைக்கும் அனுப்பப்படலாம்.

ஆ. கன்றுகளின் எண்ணிக்கையோடு, அவற்றுள் உயிரோடிருப்பவற்றின் எண்ணிக்கையும் கேட்கப்படலாம். ஒரு நெடுவரிசைதான் கூடுதலாகும்.

இ. ஆய்வுக்கு வரும் அதிகாரி, ஆறு மாத அறிக்கையைச் சுரங்க அலுவலகத்தின் குளிரூட்டிய அறையில் அல்லாமல், பக்கத்து ஊரின் கிணற்றடியில் அமர்ந்து, ஊரார் கேட்க உரக்கப் படிக்கலாம். நிறைவேறாத நிபந்தனை எதுவென்று ஊராரே சொல்லிவிடுவர். இதற்குச் சட்டத்திருத்தமோ கூடுதல் நிதியோ தேவையில்லை.

இணைப்பு: இல்லை. கிணறு உறைக்குள் அடங்கவில்லை.